விசாரணைப் படங்களில் காவல்துறை எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது?

படமேசை (கேள்வி)

வணக்கம். செய்தி நிறுவனம் ஒன்றின் படப்பிரிவில் பணிபுரிகிறேன். எந்த வழக்கு, எந்த இடம் என்பதைச் சொல்லாமல்தான் கேட்க முடிகிறது. சொல்லிவிட்டால், எதைப் பற்றிக் கவலைப்பட்டு இங்கே எழுதுகிறேனோ அதையே நானும் செய்ததாகிவிடும்.

ஓர் இளம்பெண் இறந்துவிட்டார். தற்கொலை என்று காவல்துறை அறிவித்தது. அதை நம்பாதவர்கள் சமூக ஊடகங்களில் கேள்விமேல் கேள்வி எழுப்பினார்கள். கதவு உட்பக்கம் தாழிடப்பட்டிருந்ததா, உடலில் காயங்கள் இருந்தனவா, யாரைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். நெருக்கடி முற்றியபோது, காவல்துறையின் ஊடகப் பிரிவு செய்தியாளர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் சம்பவ இடப் படங்களின் தொகுப்பு ஒன்றைப் பகிர்ந்தது. எதையும் மறைக்கவில்லை என்பதைப் பொதுமக்கள் அறிவதற்காகவே வெளியிடுகிறோம் என்ற பொருளில் ஒரு குறிப்பும் உடன் இருந்தது. சற்று நேரத்தில் அவற்றில் இரண்டை மட்டும் நீக்கிவிட்டு, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று இன்னொரு குறிப்பு அனுப்பினார்கள். அதற்குள் அந்த இரண்டும் கைமாறிக் கைமாறிப் பரவிவிட்டன.

எல்லாப் படங்களிலும் முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது. ஆனால் மேசைமேல் கிடந்த அடையாள அட்டையின் நாடாவில் அவர் பணியாற்றிய நிறுவனத்தின் பெயரைத் தெளிவாகப் படிக்க முடிந்தது. சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தில் இன்னொரு சிறுமியின் முகம் எந்த மறைப்பும் இல்லாமல் இருந்தது. நாங்கள் கதவுத் தாழ்ப்பாளின் படத்தை மட்டும் வெளியிட்டு, மற்றவற்றை நிறுத்திவைத்தோம். மறுநாள் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, காவல்துறையே கொடுத்த படங்களை மறைக்க நீங்கள் யார் என்று கேட்டன. குடும்பத்தாரோ தாழ்ப்பாளின் படத்தைக்கூட ஏன் போட்டீர்கள் என்று வருத்தத்துடன் கேட்டார்கள்.

என் ஐயங்கள் இவை. மக்களின் சந்தேகத்தைத் தீர்ப்பது என்ற ஒரே காரணம், இத்தகைய படங்களை வெளியிடப் போதுமானதா? காவல்துறை வெளியிட்டுவிட்டதாலேயே அவற்றை மறுவெளியீடு செய்யும் உரிமை எங்களுக்கு வந்துவிடுகிறதா? இதற்கு நேர்மாறாக, எதையுமே வெளியிடக் கூடாது என்று நாங்கள் நின்றால், நாளை காவல்துறையே தவறு செய்த ஒரு வழக்கில் அந்த நிலைப்பாடு அவர்களுக்குக் கேடயமாகிவிடாதா? மூன்றாவது கேள்விதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

வாதி_பிரதி

வழக்குரைஞராகப் பணிபுரிவதால் முதலில் சட்டத்தின் பக்கத்தைச் சொல்கிறேன்.

உங்கள் முதல் கேள்வியை ஏறத்தாழ அப்படியே எதிர்கொண்ட தீர்ப்பு ஒன்று உண்டு. அமெரிக்க அதிபர் கிளிண்டனின் துணைச் சட்ட ஆலோசகராக இருந்த வின்சென்ட் ஃபாஸ்டர் 1993இல் இறந்தார். ஐந்து அரசு விசாரணைகள் அதைத் தற்கொலை என்றே முடித்தன. அதை ஏற்காத ஆலன் ஃபேவிஷ் என்ற வழக்குரைஞர், சம்பவ இடப் படங்களைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ்க் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2004 மார்ச்சில் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகப் படங்களைத் தர மறுத்தார்கள். அந்தத் தீர்ப்பில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. இறந்தவரின் மரணக் காட்சியைப் பொறுத்தவரை, அவருடைய குடும்பத்தாருக்குச் சொந்தமாகவே ஓர் அந்தரங்க உரிமை உண்டு என்பது முதலாவது. அரசு தவறு செய்திருக்கக்கூடும் என்று நியாயமான ஒருவர் கருதும் அளவுக்குச் சான்று எதையாவது முன்வைத்தால்தான் அந்த உரிமையைப் பொதுநலனோடு எடைபோடும் கட்டமே வரும், வெறும் ஐயம் போதாது என்பது இரண்டாவது.

இந்தியச் சட்டத்தில் சில எல்லைகள் இன்னும் கறாரானவை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவின்படியும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படியும், இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் சேர்ந்துகொள்கின்றன. பெயரை அச்சிடாமல் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நிபுண் சக்சேனா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த எண்ணத்துக்கு இடமே வைக்கவில்லை. அடையாளம் காண உதவும் எந்தத் தகவலும், எவ்வளவு தொலைவான தொடர்புடையதாக இருந்தாலும், வெளிவரக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. நீங்கள் சொன்ன அடையாள அட்டை நாடா அத்தகைய தகவல்தான். உங்களிடம் வந்தது பாலியல் குற்ற வழக்கு இல்லையென்றால் 72ஆம் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் தற்கொலை என்று தொடங்கும் விசாரணைகள் எந்தப் பிரிவில் போய் முடியும் என்பதை முதல் வாரத்தில் எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே முதல் வாரத்திலேயே மிகக் கடுமையான விதி பொருந்தும் என்று கருதிக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. காவல்துறை வெளியிட்டது என்பது உங்களுக்குத் தற்காப்பாகாது. 72ஆம் பிரிவு, விசாரணைக்காக நல்லெண்ணத்துடன் செயல்படும் அதிகாரியின் எழுத்துப்பூர்வமான உத்தரவுக்கு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு விசாரணையின் தேவைக்கானது. விமர்சனத்துக்குப் பதில் சொல்லும் தேவையை அதனுள் புகுத்த முடியாது. வாட்ஸ்அப் குழுவில் விழும் படத்தை அந்த வகையான உத்தரவு என்று யாராலும் வாதிட முடியாது. காவல் அதிகாரிகளே இந்த எல்லையை மீறியபோது நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பொள்ளாச்சி வழக்கில் 2019இல் பாதிக்கப்பட்டவரின் பெயர் அதிகாரப்பூர்வமாகவே வெளிவந்ததற்காக, அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாக வழக்கில் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தபோதும், அதே தொகையை இடைக்கால இழப்பீடாக வழங்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த இரண்டிலும் கசிந்தது எழுத்து மட்டுமே. படம் அதைவிட வேகமாகப் பரவும், திரும்ப அழைக்கவும் முடியாது.

அளவுகோல்

சம்பவ இடப் படம் எடுப்பதே பல ஆண்டுகள் என் தொழிலாக இருந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வழக்குரைஞர் நண்பர் சொன்னதற்கு மேல் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் படங்கள் எதற்காக எடுக்கப்படுகின்றன என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன்.

ஒரு பொருளை நாங்கள் மூன்று தொலைவுகளில் எடுப்போம். முதலில் அறை முழுவதும் தெரியும் படம், பிறகு அந்தப் பொருளும் அதைச் சுற்றியுள்ளவையும் தெரியும் இடைநிலைப் படம், கடைசியாக எல் வடிவ அளவுகோலை அருகில் வைத்து எடுக்கும் நெருக்கப் படம். ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண்ணும் குறிப்பும் இருக்கும். இந்தத் தொகுப்பு நீதிமன்றத்துக்காக எடுக்கப்படுவது. அங்கே அதைப் பார்ப்பவர்கள் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அறை முழுவதும் தெரியும் படத்தில்தான் அந்தரங்கம் மிகுதியாக வெளிப்படும், ஏனென்றால் அதன் வேலையே எதையும் விட்டுவிடாமல் பதிவுசெய்வது. மருந்துச் சீட்டு, நாட்காட்டியில் கிறுக்கிய குறிப்பு, துணிகள், அலைபேசித் திரை, கண்ணாடியில் பிரதிபலிக்கும் பக்கத்து அறை எல்லாமே அதில் விழுந்துவிடும். ஊடகப் பிரிவில் இருப்பவர்கள் அவசரத்தில் முகத்தைத் தேடி மறைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். முகம் மறைந்த பிறகும் அறை அவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். உங்களுக்கு வந்த தொகுப்பில் நாடாவும் சுவர்ப்படமும் தப்பியது இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

மறைக்கும் முறையிலும் கோளாறு உண்டு. மங்கலாக்குவதும் சுழற்றிக் கலைப்பதும் படத்தின் தகவலை முழுமையாக அழித்துவிடுவதில்லை. 2007இல் இன்டர்போல் தேடிய ஒரு குழந்தைப் பாலியல் குற்றவாளி, தன் முகத்தைச் சுழல்போலத் திரித்துப் படங்களை இணையத்தில் பரப்பியிருந்தான். ஜெர்மன் காவல்துறையின் வல்லுநர்கள் அந்தச் சுழலை எதிர்த்திசையில் அவிழ்த்து முகத்தை மீட்டார்கள், இன்டர்போல் அந்த முகத்தை வெளியிட்ட சில நாட்களில் அவன் தாய்லாந்தில் பிடிபட்டான். குற்றவாளிக்கு நேர்ந்தது பாதிக்கப்பட்டவருக்கும் நேரக்கூடும். கறுப்புக் கட்டம் வைத்து மூடி, புதிய கோப்பாகச் சேமிப்பதே நம்பத்தக்கது. வெட்டி எடுத்த படத்தையும் நம்பிவிடக் கூடாது. கூகுள் பிக்சல் கைபேசிகளின் படத்திருத்தக் கருவி, வெட்டி நீக்கிய பகுதியைக் கோப்புக்குள்ளேயே விட்டுவைத்திருந்தது 2023இல் தெரியவந்தது. எடுத்த இடமும் நேரமும் கோப்பிலேயே பொதிந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் உதிர்ந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே வந்து சேரும். உங்களுக்கு வந்தவை எந்த வடிவத்தில் வந்தன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விசாரணைக்கு நேரும் கேட்டையும் சொல்ல வேண்டும், இதை ஊடகங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. குற்றம் செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களைப் புலன்விசாரணை அதிகாரி வேண்டுமென்றே கையில் வைத்திருப்பார். ஒருவர் வந்து நான்தான் செய்தேன் என்று சொன்னால், அந்த விவரம் அவர் வாயிலிருந்து தானாக வருகிறதா என்று பார்ப்பதற்காகவே அது வைக்கப்படுகிறது. முடிச்சு எந்தப் பக்கம் இருந்தது, விளக்கு எரிந்ததா, நாற்காலி எங்கே கிடந்தது என்பவை அத்தகையவை. படம் வெளிவந்துவிட்டால் ஊருக்கே அது தெரிந்த செய்தி. அதன் பிறகு வரும் உண்மையான வாக்குமூலத்துக்கும் மதிப்பிருக்காது, பொய்யான வாக்குமூலத்தைப் பிரித்தறியவும் முடியாது.

காவல்துறை படங்களையே வெளியிடக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் 2017 முதல் நடத்திவரும் ஒரு முயற்சியைப் பாருங்கள். குழந்தைகள்மீதான கொடுமைகளைப் பதிவுசெய்த படங்களிலிருந்து பின்னணிப் பொருளை மட்டும், ஒரு பையையோ திரைச்சீலையின் பூவேலையையோ, வெட்டியெடுத்து, இது எங்கே விற்கப்படும் பொருள் என்று உலகத்தாரிடம் கேட்கிறார்கள். குழந்தை எங்குமே தெரிவதில்லை. 2023 மே மாதம் பெல்ஜியம், ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளின் காவல்துறையினர் இன்டர்போலுடன் சேர்ந்து, அடையாளம் தெரியாமல் இறந்த 22 பெண்களைப் பற்றிய விவரங்களை வெளியிட்டார்கள். மீட்டுருவாக்கிய முகங்கள், அணிகலன்கள், ஆடைகள், பச்சைகுத்திய அடையாளங்கள் ஆகியவையே அதில் முன்வைக்கப்பட்டன. 1992இல் ஆன்ட்வெர்ப் நகரில் கொல்லப்பட்ட ஒரு பெண்ணை, கையில் பச்சைகுத்தியிருந்த பூவின் படத்தைக் கொண்டு, 31 ஆண்டுகளுக்குப் பிறகு பிரிட்டனில் இருந்த உறவினர்கள் கண்டுகொண்டார்கள். அங்கே ஒவ்வொரு படமும் ஒரு கேள்வியோடு வந்தது, அந்தக் கேள்விக்குத் தேவையான அளவே காட்டப்பட்டது. உங்களுக்கு வந்த தொகுப்போடு கேள்வி எதுவும் வரவில்லை.

இன்னொன்று, இதைச் சொல்லும்போது எனக்கு என் தொழிலின்மீதே கோபம் வருகிறது. அதிகாரப்பூர்வ வெளியீட்டைவிடப் பெரிய ஓட்டை காவலர்களின் சொந்தக் கைபேசி. லண்டனில் 2020இல் கொலையுண்ட இரு சகோதரிகளின் உடல்களுக்குக் காவல் நிற்க அனுப்பப்பட்ட இரண்டு காவலர்கள், அவர்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்தார்கள். 2021 டிசம்பரில் இருவருக்கும் இரண்டு ஆண்டு ஒன்பது மாதச் சிறை விதிக்கப்பட்டது. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்த ஹெலிகாப்டர் விபத்தில், அங்கு சென்ற காவலர்கள் எடுத்த படங்களில் சில மதுக்கூடத்தில் காட்டப்படும் வரை போயின. 2022இல் நடுவர் குழு அவருடைய மனைவிக்கு 1.6 கோடி டாலர் இழப்பீடு தீர்மானித்தது. எந்தக் கைபேசியில் எந்தப் படம் இருக்கிறது என்பதைக் கணக்கில் வைக்காத துறை, வெளிப்படைத்தன்மைக்காகப் படம் வெளியிடுவதாகச் சொன்னால் என்னால் எளிதில் நம்ப முடியாது.

திறந்த_கோப்பு

மேலே இருவரும் எழுதியவற்றில் தவறென்று எதையும் சொல்லமாட்டேன். ஆனால் படமேசை அவர்களின் மூன்றாவது கேள்வியை இருவருமே தொடாமல் கடந்துவிட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுப் போட்டு மறுப்புக் கடிதங்களைச் சேர்த்துவைத்திருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்தரங்கம் என்ற சொல்லைக் காவல்துறை மிக விரைவாகக் கற்றுக்கொள்கிறது. விசாரணைக்கு இடையூறு என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். விசாரணை முடிந்ததும் தனிநபர் தகவல் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அந்தப் பிரிவுக்குள்ளேயே முன்பு பொதுநலன் என்று ஒரு திறப்பு இருந்தது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)ஆம் பிரிவு, அந்தத் திறப்பை எடுத்துவிடும்படி தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிறது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு எஞ்சியிருக்கிறது, ஆனால் அதன்படி முடிவெடுக்க வேண்டியவரும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறார்.

சிகாகோவில் 2014 அக்டோபரில் லக்வான் மெக்டொனால்டு என்ற 17 வயது இளைஞரைக் காவலர் ஒருவர் 16 முறை சுட்டுக் கொன்றார். கத்தியுடன் காவலர்களை நோக்கிப் பாய்ந்தார் என்பதே தொடக்கத்தில் சொல்லப்பட்ட கதை. காவல் வாகனத்தின் கேமராவில் பதிவான காட்சியைத் தரமுடியாது என்று ஓராண்டுக்கு மேல் மறுத்தார்கள். பத்திரிகையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் நீதிபதி உத்தரவிட்ட பிறகு, 2015 நவம்பர் 24 அன்று காட்சி வெளிவந்தது. அதில் அந்த இளைஞர் காவலர்களைவிட்டு விலகி நடந்துகொண்டிருந்தார். காட்சி வெளியான அதே நாளில்தான் சுட்டவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அன்று எல்லாரும் கண்ணியம் கருதி அந்தப் பதிவைப் பார்க்க வேண்டாம் என்று இருந்திருந்தால் கத்திக் கதை வரலாறாகியிருக்கும்.

இன்னும் பின்னால் போனால், 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எமெட் டில்லின் தாய், தன் மகனின் சிதைந்த முகத்தைத் திறந்த சவப்பெட்டியில் உலகம் பார்க்க வேண்டும் என்று தானே முடிவுசெய்தார். ஜெட் இதழ் அதை வெளியிட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமை இயக்கத்தை அந்தப் படம் எவ்வளவு உந்தியது என்பது பலரும் எழுதியது. அந்தத் தாயிடம் போய் அந்தரங்கம் பேசியிருக்க முடியுமா?

அதனால் நான் வேறு ஒரு பிரிவினையை வைக்கிறேன். படத்தில் இருப்பது யாருடைய செயல் என்று பாருங்கள். சிகாகோப் பதிவில் இருந்தது காவலரின் செயல். காவல் நிலையத்தின் சிசிடிவிப் பதிவிலும் அப்படியே. இந்தியாவில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவைப் பல மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், காவலில் நேரும் மரணங்களில் உடற்கூறாய்வைக் காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1995இலேயே மாநிலங்களுக்கு எழுதியதும் இதற்காகத்தான். படமேசை அவர்களுக்கு வந்த அறைப் படத்தில் காவல்துறையின் செயல் எதுவுமே இல்லை. இறந்த பெண்ணின் வாழ்க்கைதான் இருக்கிறது. தங்கள்மேல் வந்த கேள்விக்கு அவருடைய அறையைத் திறந்து காட்டிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். எந்த நேரத்தில் தகவல் கிடைத்தது, யார் முதலில் உள்ளே போனார்கள், தடயவியல் குழு எப்போது வந்தது, உடற்கூறாய்வை எத்தனை மருத்துவர்கள் செய்தார்கள், குடும்பத்தார் உடன் இருந்தார்களா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் அதுவே வெளிப்படைத்தன்மை. அந்தத் தாளை மட்டும் யாரும் தருவதில்லை, கவனித்தீர்களா?

படமேசை

மூவருக்கும் நன்றி. யாருடைய செயல் என்ற அளவீடு எனக்குப் பயன்படும். வந்த படங்கள் எல்லாவற்றையும் அதைக் கொண்டு மறுபடி பார்த்தேன். தாழ்ப்பாள் உடைக்கப்பட்டிருந்த படம் ஒன்றில்தான் காவல்துறையின் செயல் தெரிகிறது, கதவை உடைத்துத் திறந்தது அவர்கள். மற்ற எதிலும் இல்லை. படங்கள் ஆவணமாகவே வந்திருக்கின்றன. இடக்குறியீடு அப்படியே இருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. எமெட் டில்லின் தாய் தானே முடிவெடுத்தார். எங்களிடம் தாய் ஒன்று சொல்கிறார், கணவர் வீட்டார் வேறொன்று சொல்கிறார்கள். தாய்க்குப் படங்கள் வெளிவர வேண்டும், காயத்தை உலகம் பார்க்க வேண்டும் என்கிறார். முன்பு தாழ்ப்பாள் படத்துக்கு வருந்தி எழுதியவர்கள் கணவர் வீட்டார். குடும்பத்தின் ஒப்புதல் என்றால் யாருடைய ஒப்புதல்?

வாதி_பிரதி

இது நல்ல கேள்வி. சட்டமும் இதில் எச்சரிக்கையாகவே நடக்கிறது. நிபுண் சக்சேனா தீர்ப்பில், பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் உறவினரின் ஒப்புதல் இருந்தாலும் அடையாளத்தை வெளியிடலாகாது என்றும், வெளியிடும் அளவுக்குச் சூழ்நிலை இருக்கிறதா என்பதை உரிய அதிகாரியே தீர்மானிக்க வேண்டும் என்றும், இப்போதைக்கு அந்த அதிகாரி செஷன்ஸ் நீதிபதி என்றும் நீதிமன்றம் கூறியது. பாலியல் குற்ற வழக்குகளுக்காகச் சொல்லப்பட்டது அது. ஆனாலும் அதன் பின்னால் இருக்கும் கவலை எல்லா மரணங்களுக்கும் பொருந்தும். உறவினரே சந்தேகத்துக்கு உள்ளானவராக இருக்கலாம். மறைக்கச் சொல்பவருக்கும் காரணம் இருக்கலாம், காட்டச் சொல்பவருக்கும் காரணம் இருக்கலாம்.

தாயின் கோரிக்கையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். அவருக்கு உண்மையில் வேண்டியது பத்திரிகையில் படம் வருவதா, தான் நம்பும் ஒரு மருத்துவர் அந்தப் படங்களைப் பார்ப்பதா என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பலர் இரண்டாவதையே தேடுகிறார்கள், அதற்கு வழி தெரியாததால் ஊடகத்திடம் வருகிறார்கள். உடற்கூறாய்வுக் காணொளியின் பிரதியை நீதிமன்றத்தில் மனுச் செய்து கேட்கலாம், மறு உடற்கூறாய்வுக்கு உயர் நீதிமன்றத்தை அணுகலாம். தாய் அப்படி மனுச் செய்தால் அந்த மனுவும் காவல்துறை அதற்குச் சொல்லும் பதிலும் செய்திதான். அதை எழுதுவதற்கு நீங்கள் ஒரு படத்தையும் அச்சிட வேண்டியதில்லை. தாய் தானே தன் மகளின் பெயரைச் சொல்லிப் பேச விரும்பினால், பாலியல் குற்றம் எதுவும் பதிவாகாத வரை, அது அவருடைய உரிமை. ஆனால் அவர் பேசுகிறார் என்பதற்காக அறைப் படத்தையும் சேர்த்துப் போடுவது வேறு விஷயம்.

கூட்டத்தில்_ஒருவர்

எல்லாரும் பாதிக்கப்பட்டவரைப் பற்றியே பேசுவதால் குறுக்கிடுகிறேன். பிடிபட்டவரைச் சுற்றிக் காவலர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் படத்தை என்ன செய்வது? வழக்கின் முதல் நாளிலேயே அது வந்துவிடுகிறது. சாட்சி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால், அதன் பிறகு நடக்கும் அடையாள அணிவகுப்பில் அவர் காட்டுவது தான் நேரில் கண்ட முகத்தையா, செய்தியில் கண்ட முகத்தையா என்று எதிர்த்தரப்பு கேட்கும், கேட்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ காவல்துறை, பொதுமக்களுக்கு உடனடி ஆபத்து இருந்தாலோ தேடுதலுக்கு உதவி தேவைப்பட்டாலோ தவிர, கைதானவர்களின் முகப்படங்களை வெளியிடுவதை 2020 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. விடுதலையான பிறகும் ஒருவரின் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்தப் படம்தான்.

அளவுகோல்

நீங்கள் சொல்வது சரி. காவலர்கள் வரிசையாக நிற்கும் படத்தில் காவல்துறையின் செயல் இருக்கிறதே என்று ‘திறந்த_கோப்பு’ அளவீட்டை வைத்து யாராவது வாதிடுவார்கள். பிடித்தோம் என்பதைத் தவிர அதில் சோதித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. தப்பியோடியவரைத் தேடும்போது முகம் தேவை, பிடித்த பிறகு தேவையில்லை. இதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

படமேசை அவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. படங்களை வெளியிடாமல் நிறுத்தியதோடு வேலை முடிந்துவிடவில்லை. உங்கள் நிறுவனத்தின் படக் களஞ்சியத்தில் அவை தானாக ஏறியிருக்கும், அவற்றின் சிறுபடங்கள் வேறொரு கோப்புறையில் இருக்கும், பணியாளர்களின் கைபேசிகளில் வாட்ஸ்அப் தானாகச் சேமித்திருக்கும், அங்கிருந்து மேகச் சேமிப்புக்கும் போயிருக்கும். நாளைக்கு யாராவது அந்தப் பெண் பணியாற்றிய நிறுவனத்தைப் பற்றி வேறு செய்தி எழுதும்போது, களஞ்சியத்தில் தேடினால் நாடா தெரியும் அந்தப் படம் முதலில் வந்து நிற்கும். வழக்கில் சான்றாகக் கேட்கப்படலாம் என்பதால் ஒரு பிரதியைப் பூட்டிய கோப்புறையில், யார் திறந்தார்கள் என்ற பதிவோடு, சட்டப் பிரிவின் பொறுப்பில் வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

படமேசை

களஞ்சியத்தில் தேடினேன். அறைப் படம் ‘பொது’ என்ற பிரிவில், நிறுவனத்தின் பெயரையே குறிச்சொல்லாகக் கொண்டு ஏறியிருந்தது. மென்பொருள் நாடாவைப் படித்துத் தானாக இட்ட குறிச்சொல் அது. இப்போது நீக்கியாயிற்று. அனுப்பிய ஊடகப் பிரிவுக்கும் எழுதியிருக்கிறேன், எந்த நேரத்தில் தகவல் கிடைத்தது, யார் முதலில் உள்ளே போனார்கள், உடற்கூறாய்வின்போது குடும்பத்தார் யார் இருந்தார்கள் என்ற விவரங்களை எழுத்தில் தரும்படி. தாயிடம் மருத்துவரைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். வழக்குரைஞர் ஒருவரின் தொடர்பைக் கொடுத்திருக்கிறோம். ஊடகப் பிரிவிலிருந்து பதில் வந்தால் இங்கேயே பதிவிடுகிறேன்.